பதினைந்தாவது சீட்டு

ஜிம்னாஸ்டிக்ஸ் வட்டாரத்தில் அவளுக்குக் கறார் அக்கா என்று பெயர். வைத்தவர்கள் கோச்சுகள். முகத்துக்கு நேரே சொல்ல ஒருவருக்கும் தைரியம் கிடையாது. பெண்கள் ஏறி வித்தை காட்டும் பீம் இருக்கிறதே, நெஞ்சு உயரத்தில் பத்தே சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு கட்டை, அதற்கு அவள் இருபத்தாறு வருடமாக நடுவர். மேஜையில் ஐந்து பேர் உட்காருவார்கள். நாலு பேருக்குக் கழிக்கிற வேலை. முழங்கால் மடங்கியது, கால் தடுமாறியது என்று பத்திலிருந்து வெட்டிக்கொண்டே வருவார்கள். ஐந்தாவது ஆளான இவளுக்குக் கூட்டுகிற வேலை. ஒவ்வொரு வித்தைக்கும் மதிப்புப் போடவேண்டும். இரண்டு வித்தைகளை நடுவில் நிற்காமல் கோத்துச் செய்தால் போனஸாக ஒரு மதிப்பெண்ணில் பத்தில் ஒன்று சேர்க்கவேண்டும். நின்றாளா, நிற்கவில்லையா என்பதைக் கண்மூடித் திறப்பதற்குள் சொல்லியாகவேண்டும். கூட்டுகிறவளுக்குப் போய் கறார் என்று பெயர் வந்தது என்றால், அது எப்பேர்ப்பட்ட கூட்டல் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

சொந்தம் என்று அவளுக்கு இருந்தது ஒரே ஒரு தங்கை. அவளும் இதே தொழில்தான், கோச். சின்ன வயதில் இரண்டு பேரும் ஒரே கட்டையில் விழுந்து எழுந்தவர்கள். ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு தேர்வுப் போட்டியில் தங்கையின் மகளே பீமில் ஏறினாள். பெரியம்மா நடுவராக உட்காரக் கூடாதுதான். ஆனால் மாற்றுவதற்கு ஆள் இல்லை. பெண் ஒரு தாவல் தாவினாள், அதையொட்டிப் பின்பக்கமாக ஒரு குட்டிக்கரணம் போட்டாள். இரண்டுக்கும் நடுவில் ஒரு மூச்சு நின்றாள். போனஸ் இல்லை என்று எழுதினாள் கறார் அக்கா. அன்றைக்குத் திருப்பிப் பார்க்க வீடியோ கிடையாது. அந்தப் பத்தில் ஒன்றில் அணியில் இடம் போயிற்று. பெண் அதோடு விளையாட்டுக்கே முழுக்குப் போட்டுவிட்டாள்.

அன்று தங்கை வாசலில் நின்றபடியே பேசினாள், உள்ளே வரவில்லை. "நின்னா, நிக்கலைன்னு விடிய விடியப் பேசலாம். அது கிடக்கட்டும். உன் கையால தூக்கி வளத்த பொண்ணுக்கு ஒரு பத்துல ஒண்ணு போட உனக்கு மனசு வரலையே, அக்கா."

அதற்கப்புறம் பேச்சு வார்த்தை இல்லை. ஆனால் சீட்டு வந்தது.

கூட்டல் மதிப்பெண்ணில் குறை இருந்தால் கோச் நாலு நிமிடத்துக்குள் மறுபார்வைச் சீட்டு எழுதிக் கொடுக்கலாம். வாயால் கேட்கக் கூடாது. நடுவரும் வீடியோவைப் பார்த்துவிட்டு அதே சீட்டின் கீழே பதில் எழுதவேண்டும். வெள்ளைத்தாள் அலுவலகத்துக்கு, நீல நகல் கோச்சுக்கு, மஞ்சள் நகல் நடுவருக்கு. ஏழு வருடத்தில் தங்கை பதினாலு சீட்டு எழுதினாள். ஒவ்வொன்றுக்கும் வந்த பதில் ஒன்றுதான்: இடைவெளி உண்டு.

ஊரெல்லாம் பதக்கத்தைச் சேர்த்து வைக்கும். இவள் அந்த மஞ்சள் நகல்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்தாள். மூன்றாவது மாடியில் தனிக்குடித்தனம். ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஞாயிற்றுக்கிழமை வந்தால் குரல் கட்டிப்போகிற அளவுக்குப் பேச்சுத்துணை இல்லாத வீடு. டப்பாவைத் திறந்து அவ்வப்போது படிப்பாள். ஐந்தாவது சீட்டில் எழுத்து பெரிதாகியிருந்தது. தங்கைக்குக் கண்ணாடி போடுகிற வயசு வந்துவிட்டது என்று புரிந்தது. பத்தாவது சீட்டை எழுதியபோது படிவம் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது, ஒரு தாளின் பின்பக்கம் எழுதியிருந்தாள்; நகல் இல்லாததால் அந்தத் தாளே இவளிடம் தங்கிவிட்டது. முன்பக்கம் முழங்கால் வைத்தியருக்கான முன்பதிவு. அந்த மாதம் முழுக்கக் கறார் அக்காவுக்கு ராத்திரியில் தன் முழங்காலும் வலித்தது. சிரிக்காதீர்கள், வலித்தது.

இந்த வருடத் தேர்வுப் போட்டியன்று, தேநீர் இடைவேளையில் நேரம் பார்க்கிறவர் பேச்சுவாக்கில் ஒரு சேதியைப் போட்டு உடைத்தார். தங்கை கோச் வேலையை விடுகிறாள், தூரத்தில் இருக்கும் மகளோடு போய்த் தங்கப் போகிறாள், இதுதான் அவளுக்குக் கடைசிப் போட்டி. கறார் அக்கா தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

தங்கையிடம் பயிலும் பெண்ணுக்குப் பதினாலு வயது, வாலு என்று கூப்பிடுவார்கள். பீமில் ஏறினாள். தாவினாள், தாவிய கால் ஊன்றியதும் அப்படியே பின்னால் சுழன்றாள். நிற்கவில்லை. சத்தியமாக நிற்கவில்லை. கறார் அக்கா இமைகூடக் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போனஸ் எழுதவேண்டிய கட்டத்துக்கு மேலே பேனா நின்றுவிட்டது. எழுதினால் சீட்டு வராது. சீட்டு வராவிட்டால் தங்கை ஒரு வரிகூட மிச்சம் வைக்காமல் போய்விடுவாள். எழுதாமல் விட்டால் நாலு நிமிடத்தில் சீட்டு வரும். முதல் முறையாக 'ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று பதில் எழுதலாம். பெண்ணுக்கும் நஷ்டமில்லை, தங்கைக்கும் போகிற நேரத்தில் ஒரு சந்தோஷம். புத்தி கெட்டவள், இப்படிக் கணக்குப் போட்டுக் கட்டத்தைக் காலியாக விட்டாள்.

மதிப்பெண் பலகையில் ஏறியது. அணிக்கு நாலு பேர். வாலு ஐந்தாவது, பத்தில் ஒன்றுக்கும் குறைவான வித்தியாசத்தில். தங்கை பையிலிருந்து படிவத்தை எடுத்தாள். பேனாவைத் திறந்தாள். பிறகு தலையைத் தூக்கி மேஜையைப் பார்த்தாள். ஏழு வருடத்தில் முதல் தடவையாக நேராக அக்காவையே பார்த்தாள். பார்த்துவிட்டுப் பேனாவை மூடிப் பைக்குள் போட்டாள். அழுகிற பெண்ணின் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஒரு நிமிடம் போயிற்று, இரண்டு போயிற்று. எழுது, எழுதுடி என்று கறார் அக்கா மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். நாலு நிமிடம் முடிந்து மணி அடித்தது.

அவளே எழுந்து போய் ஒரு படிவத்தை வாங்கி எழுதினாள். தலைமை நடுவருக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை; நடுவரே சீட்டு எழுதியதை அவர் கேள்விப்பட்டதுகூட இல்லை. அதில் இருந்தது மூன்றே வரி. இடைவெளி இல்லை. நான் பார்த்தேன். பார்த்தும் எழுதவில்லை. வீடியோவை மூன்று தடவை ஓட்டிப் பார்த்தார்கள். வாலு நாலாவது இடத்துக்கு ஏறினாள். அதுவரை நாலாவதாக இருந்த குழந்தை துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதது, அதுவும் இவள் கைங்கரியம்தான். தலைமை நடுவர் கையை நீட்டினார். அவள் சட்டையில் குத்தியிருந்த நடுவர் பட்டையைக் கழற்றிக் கொடுத்தாள்.

நீல நகல் கோச்சுக்குப் போகவேண்டும். இனி நடுவர் இல்லை என்பதால் அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். காலணி அடுக்கியிருந்த நடைபாதையில் தங்கை கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தாள்.

"ஏன்?" என்று கேட்டாள்.

"நீ எழுதுவேன்னு."

தங்கை கண்ணாடியைக் கழற்றினாள்.

"எழுதத்தான் எடுத்தேன். பதினாலு தடவை எழுதியிருக்கேன். பதினாலையும் வீட்ல போய் வீடியோ போட்டுப் பாத்தேன். எல்லாத்துலயும் நீ சொன்னதுதான் சரி. இன்னைக்குப் பேனாவைத் திறந்ததும் தோணுச்சு, அக்கா நின்னான்னு சொன்னா நின்னுதான் இருப்பா. அப்ப எம்பொண்ணும் அன்னைக்கு நின்னுதான் இருப்பா. போதும்னு மூடிட்டேன். சாயங்காலம் உன் வீட்டுக்கு வரணும்னு இருந்தேன்."

"வாயேன்."

தங்கை நீல நகலை நாலாக மடித்தாள். "இப்ப எனக்கு, அன்னைக்கு எம்பொண்ணு நின்னாளா நிக்கலையான்னும் தெரியலையே, அக்கா," என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். வாலுவைக் கூப்பிட்டுக்கொண்டு வேனை நோக்கி நடந்தாள், கொஞ்சம் நொண்டினாள்.

கறார் அக்கா வீட்டுக்கு வந்து மஞ்சள் நகலை டப்பாவில் போட்டாள். பதினைந்தாவது. அந்த டப்பாவில் அவளே எழுதிக் கொடுத்த முதல் சீட்டு. சாயங்காலம் முழுக்கக் கதவைத் தாழ் போடாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். இருட்டியதும் எழுந்து போய்த் தாழைப் போட்டாள்.