வெல்பரோ பூங்காவின் சூட்டுத்தரை

வெல்பரோ பூங்காவில், இங்கிலாந்தை ஆண்ட காலத்தில் ரோமர்கள் போட்டுவிட்டுப் போன தரை ஜனவரி ஒன்பதாம் தேதி காலை சூடாயிற்று. தரைக்குக் கீழே செங்கல் தூண்களுக்கு நடுவில் அடைத்திருந்த மண்ணை முதல்நாள்தான் தோட்டக்காரர் வாரிப் போட்டிருந்தார். அதுவரை சூடு மேலே வர வழியில்லை, அவ்வளவுதான். அடியில் ஒருவர் ஆயிரத்தெழுநூறு வருஷமாக விறகு போட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறார். நிறுத்தச் சொல்லி அவரிடம் யாரும் சொல்லவில்லை.

எங்கள் ஊரில் வீட்டு ஹீட்டரைப் போடுவது மானப் பிரச்சினை. மேலே இன்னொரு ஸ்வெட்டர் ஏறுமே தவிர, சுவிட்சில் கை போகாது. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஐவி டிரான்ட்டருக்கோ குளிர்காலம் வந்தால் விரல் மடங்காது. பூங்காத் தரையில் காலை வைத்து உட்கார்ந்த மூன்றாம் நாள் அவர் மறுபடி பின்னல் ஊசியைப் பிடித்தார். பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. ஒரே வாரத்தில் ஊரே வரிசையில் நின்றது, ஆளுக்குக் கால் மணி நேரம்.

நகரமன்றப் பாதுகாப்பு அதிகாரி நைஜல் கோப் ஃபாரத்தோடு வந்தார். "எரிக்கிறவர் கையெழுத்து இல்லாம எந்த அடுப்பும் எரியக்கூடாது, மிஸஸ் டிரான்ட்டர். வெள்ளிக்கிழமை மூடிடுவோம்."

"கையெழுத்துதானே? குடு கண்ணு, நான் வாங்கித் தர்றேன்."

டீயும் இரண்டு பிஸ்கட்டும் சேர்த்து ஐவி ஃபாரத்தைத் தரையோரத்து அடுப்பு வாய்க்குள் தள்ளினார். மறுநாள் டீக்கோப்பை கழுவி வைத்திருந்தது. ஃபாரத்தில் கரி படிந்த கைநாட்டு. பணிக்காலம்: ஆயிரத்தெழுநூறு வருஷம். எடுத்த விடுமுறை: இல்லை.

நைஜலுக்கு முகம் வெளுத்துவிட்டது. வருஷத்துக்கு இருபத்தெட்டு நாள் கொடுத்தே ஆகவேண்டும், சட்டம். அங்கேயே உட்கார்ந்து பெருக்கிப் பார்த்தார்.

"நூத்திமுப்பது வருஷம் லீவு பாக்கி. இன்னிலேர்ந்தே போயாகணும்."

"அப்போ எங்க கதி?" என்றது வரிசை.

ஐவி தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். அழுகை வந்துவிட்டது அவருக்கு. "போகட்டும் பாவம். ஒத்த ஆளு செஞ்சதை நாம முப்பது பேர் செய்ய முடியாதா?"

முறைப்பட்டியல் போடுவதென்றால் எங்கள் ஆட்களுக்குக் கல்யாணச் சாப்பாடு மாதிரி. மதியத்துக்குள் ஒன்று பூங்கா கேட்டில் தொங்கியது. அன்று செவ்வாய்க்கிழமை, முதல் முறை ஐவிக்கு.

ஐவி கீழே இறங்கினார், இத்தனை வருஷம் விறகு போட்டவர் மேலே வந்தார். குள்ளமான மனிதர், உடம்பெல்லாம் கரி. வேறு எங்கே போவதென்று தெரியாமல் வரிசையின் கடைசியில் போய் நின்றார். ஒரு மணி நேரம் கழித்து, வாழ்க்கையில் முதல்முறையாக, அந்தத் தரையின் மேல் கால் வைத்தார். கண்ணை மூடி ஏதோ சொன்னார். பள்ளியில் லத்தீன் நடத்திய ஹார்ட்டல்தான் மொழிபெயர்த்தார்.

"சூடு பத்தலையாம்."

"வந்து அஞ்சு நிமிஷம் ஆகலை, அதுக்குள்ள அதிகாரத்தைப் பாரு!" என்று கீழேயிருந்து கத்தினார் ஐவி. கத்திக்கொண்டே இன்னும் இரண்டு கட்டையைப் போட்டார்.