இரண்டாம் பந்தி

நாமக்கல்லில் டயர் ரீட்ரெடிங் பட்டறை வைத்திருந்த தீனதயாளன் சிகரெட்டை விடப்போவதாகச் சொன்னால், வீட்டில் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். அத்தனை தடவை விட்டவர். பழனியில் மொட்டை போட்டுச் சிகரெட்டை விட்டார். முடி முளைப்பதற்குள் பழக்கம் முளைத்துவிட்டது. பள்ளிபாளையம் பாலத்தில் பாக்கெட்டைக் காவிரியில் வீசியவர், ஈரோட்டில் இறங்கியதும் புதுசு வாங்கினார். "நமக்கு அந்தக் குடுப்பினை இல்ல கோகிலா" என்று மனைவி கோகிலவாணியிடம் சொல்லிவிட்டு, அப்புறம் முயற்சி செய்வதையே நிறுத்திவிட்டார்.

அவரிடம்தான் கோகிலவாணியின் தங்கை கணவர் கதிர்வேல் வந்து நின்றார். பரமத்தி வேலூரில் வெற்றிலை விவசாயம் செய்பவர்.

"ஏனுங்கண்ணா, சிகரெட்ட உட்டர்லாம்னு இருக்கறனுங்க. நீங்கதான் வழி சொல்லோணும்."

"என்னையவா கேக்கற? நானே தோத்த ஆளு கதிரு."

"அதனாலதானுங்க கேக்கறேன். எங்க வழுக்கும்னு எனக்குத் தெரியாது. நீங்க உழுந்து பாத்தவரு."

தீனதயாளனுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் சொல்லத் தொடங்கினார். டீக்குப் பதிலாக ஒரு வாரம் மோர்தான். முதல் நாலு நாள் யாரிடமும் வாய் கொடுக்கக் கூடாது, சண்டை வந்துவிடும். "அதெல்லாம் தாண்டிரலாம் கதிரு. விருந்துல மூக்குமுட்டத் தின்னுபோட்டு நிக்கறப்ப, எவனாச்சும் 'ஒண்ணே ஒண்ணு'ன்னு நீட்டுவான் பாரு..." பேச்சை அப்படியே நிறுத்தினார். யோசித்துப் பார்த்தால், ஒவ்வொரு தடவையும் அவரை வீழ்த்தியது அந்த ஒற்றை சிகரெட்தான். மற்ற மேடுபள்ளங்களை எல்லாம் அவர் தாண்டியிருக்கிறார்! உற்சாகம் தலைக்கேற, சட்டைப்பையில் இருந்த பாக்கெட்டை எடுத்துக் கழிவு எண்ணெய் டின்னில் முக்கினார்.

"நானும் வாரேன் கதிரு!"

அடுத்த மாதம் புதுச்சத்திரத்தில் ஒரு கல்யாணம். சாப்பிட்டுவிட்டு இருவரும் மண்டபத்தின் பின்பக்கம் போனார்கள். மாப்பிள்ளையின் மாமா பாக்கெட்டை நீட்டினார்.

"அட, ஒண்ணே ஒண்ணுதானுங்க."

கதிர்வேலின் கை பாதிவரை போய்விட்டது. தீனதயாளனுக்கும் நாக்கு ஊறியது. இதுதான் அந்த இடம் என்று சட்டென உறைத்தது. கதிர்வேலின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். கண்ணில் பட்டது சாப்பாட்டுக் கூடம். அடுத்த பந்திக்கு விரித்து, ஆளில்லாமல் இருந்த இலைகளின் முன்னால் இருவரும் தொப்பென்று உட்கார்ந்தார்கள்.

பரிமாறுகிறவர் முழித்தார். "ஏனுங்க, இப்பத்தான கை கழுவிட்டுப் போனீங்க?"

"பசிக்குதுங்க சாமி, சோத்தப் போடுங்க!"

கதிர்வேலுக்குச் சிரிப்புப் பீறிட்டு ரசம் புரையேறியது. அவர் தலையில் தட்டப்போன தீனதயாளன், தட்ட முடியாமல் தானும் குலுங்கினார். பக்கத்து இலைக்காரர்களுக்கும் சிரிப்புத் தொற்றியது. எதற்கென்று அவர்களுக்கே தெரியாது.

சத்தம் கேட்டுக் கோகிலவாணி வந்தாள். "என்னாச்சுங்க உங்களுக்கு? மறுக்காவா திங்கறீங்க?"

"எப்பவும் உழுவற எடத்துல இன்னைக்கு நான் உழுவல கோகிலா!"

அவளுக்குப் புரியச் சற்று நேரமானது. புரிந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "இவருக்கு இன்னுங் கொஞ்சம் பாயசம் ஊத்துங்க" என்றாள்.

தை பிறந்த பிறகும் இருவரும் சிகரெட்டைத் தொடவில்லை. தீனதயாளனின் பேன்ட்டுகளை எல்லாம் இடுப்பில் பிரித்துத் தைக்கக் கொடுக்க வேண்டியதாயிற்று.