கூண்டுக்கு வெளியே விழுந்த பந்து

"அமாயா, சர்க்கரைக் கிண்ணத்தைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கிற ஆளுகிட்ட, இங்கயும் ஒரு மனுசன் காபி குடிக்கிறான்னு சொல்லு" என்றான் எலோய்.

அந்த ஆள் அவனுக்கு எதிரே, கை நீட்டினால் தொடும் தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தான். வேறு யாருமில்லை, அவனுடைய சொந்தத் தம்பி ஃபெர்மின்தான். அவன் செவிடும் இல்லை. ஆனாலும் அவன் அக்காவின் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொன்னான். "கேட்டிருந்தா குடுத்திருப்பேன்னு சொல்லுக்கா."

"நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் தபால்காரியா?" என்று அமாயா கிண்ணத்தைப் பிடுங்கி மேசை நடுவில் டொக்கென்று வைத்தாள். அண்ணனுக்கு ஐம்பத்தாறு வயது, தம்பிக்கு நாற்பத்தாறு. நடுவில் மாட்டிக்கொண்டவள் அவள். இத்தாலியின் துரின் நகரத்துக் காபிக் கடையில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று அவள் ரொட்டியை மென்றாள். பதினேழு மாதமாக மூன்று நாட்டுக்காரர்கள் இதைப் பார்த்தாயிற்று, இவர்களுக்கு மட்டும் என்ன புதுசு?

பதினேழு மாதத்துக்கு முன்னால், மே மாதத்தில், ஸ்பெயினில், அவர்கள் ஊரான துதேலாவின் ஆஸ்பத்திரியில் அப்பா கிடந்தார். அன்று மாலை துணைக்கு இருந்தது ஃபெர்மின். அவனும் எலோயும் பத்து வருடமாக ஜோடி சேர்ந்து பேடல் ஆடுகிறவர்கள்; கண்ணாடிச் சுவரும் கம்பி வலையும் சூழ்ந்த கூண்டுக்குள் இருவர் இருவராக ஆடும் டென்னிஸ் மாதிரி ஆட்டம் அது. அன்று பம்ப்லோனா நகரத்தில் இறுதி ஆட்டம், தம்பியின் இடத்தில் ஒரு மாற்று ஆளை வைத்துக்கொண்டு எலோய் ஆடப் போயிருந்தான். ஏழு மணிக்கு அப்பாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. காலைவரை தாங்கும் என்று டாக்டர் சொன்னார். ஃபெர்மின் போனைக் கையில் எடுத்தான். 'மூணாவது செட்டு ஓடிட்டிருக்கும், முடிச்சிட்டே வரட்டும் பாவம்' என்று நினைத்துத் திரும்ப வைத்துவிட்டான். நல்ல எண்ணம்தான். ஆனால் எலோய் கோப்பையைக் காரின் பின் சீட்டில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தபோது அப்பா போய் இருபது நிமிடம் ஆகியிருந்தது. அன்றைக்கு எலோய் வாயை மூடியவன்தான். தம்பியைத் திட்டக்கூட இல்லை. திட்டித் தொலைத்திருந்தாலாவது ஒரு வாரத்தில் ஆறியிருக்கும்.

அடக்கம் முடிந்த மூன்றாவது வியாழக்கிழமை எலோய் மட்டையை எடுத்துக்கொண்டு ஊர் பேடல் மன்றத்துக்கு வந்து நின்றான். மாகாணப் போட்டிக்கு ஜோடியாகப் பெயர் கொடுத்திருந்தார்கள், விட்டுப் போக முடியாது. அடிதடி ஆகிவிடப் போகிறதே என்று அமாயாவும் பின்னாலேயே ஓடினாள். இரண்டு பேரும் முகம் பார்க்காமல் கண்ணாடிக் கூண்டுக்குள் போனார்கள். எதிர் ஜோடி ஒரு பந்தைத் தூக்கி இருவருக்கும் நடுவே போட்டது. எலோய் வாய் திறந்தான். "எனக்கு!"

அமாயாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்த பந்துக்கு ஃபெர்மின், "விடு, வெளிய போகுது!" என்றான். எலோய் விட்டான். "உனக்கு!", "மேல வா!", "பின்னாடி!", "நல்லா அடிச்சேடா!" என்று ஒன்றரை மணி நேரம் வாய் ஓயாமல் கத்திக்கொண்டே ஆடினார்கள். பேடலில் ஜோடி பேசித்தான் ஆக வேண்டும், பேசாவிட்டால் மட்டையும் மட்டையும் மோதிக்கொள்ளும். ஆட்டம் முடிந்தது. கதவைத் தாண்டினார்கள். இரண்டு வாயிலும் பூட்டு. ஒருவன் கிழக்கே போனான், ஒருவன் மேற்கே போனான். அவள் கம்பி வலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அப்பா செத்ததற்கு வராத அழுகை அவளுக்கு அன்றைக்கு வந்தது.

அமாயா ஒரு காய்கறிப் பதனிடும் ஆலையில் லாரிகளுக்கு நேரம் குறிப்பவள். எந்த வண்டி எத்தனை மணிக்கு எந்த ஊரில் நிற்க வேண்டும் என்பது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மாகாணப் போட்டி முடிந்ததும், அண்ணனையும் தம்பியையும் திரும்பக் கூண்டுக்குள் நிற்க வைக்க அந்த மூளையைத் திருப்பினாள். "எனக்கு ஊர் சுத்தணும், என்னைத் தனியா அனுப்பிடுவீங்களா?" என்று இருவரிடமும் தனித்தனியே கண்ணைக் கசக்கினாள். பிப்ரவரியில் துலூஸ். அங்கே கூரையில்லாத மைதானத்தை எடுத்துத் தொலைத்துவிட்டாள், மழை பெய்து ஒரு சொல்கூடக் கிடைக்காமல் ஊர் திரும்பினார்கள். மே மாதத்தில் லிஸ்பன். அங்கே இரண்டு ஆட்டம், மூன்று மணி நேரப் பேச்சு. எந்த ஊர் ஆனாலும் அவள் தேடியது முதலில் கண்ணாடிக் கூண்டு, அப்புறம் எதிராட ஒரு உள்ளூர் ஜோடி, அப்புறம் விமானம், கடைசியில் படுக்க இடம். தேவாலயமும் அருங்காட்சியகமும் நேரம் மிஞ்சினால். 'சகோதரர்களோடு உலகம் சுற்றுகிறாள், கொடுத்துவைத்தவள்' என்று ஆலையில் பேசிக்கொண்டார்கள். அவள் எதைச் சுற்றிக்கொண்டிருந்தாள் என்று அவளுக்குத்தான் தெரியும்.

இந்தத் துரின் பயணத்துக்குக் கிளம்பும்போது காரில் எலோய் மெதுவாகச் சொன்னான். "தோள்ல கத்தி வைக்கணுமாம். நவம்பர் மூணாம் தேதி. அதுக்கப்புறம் மட்டையத் தொடக் கூடாதுன்னுட்டார் டாக்டர். அவன்கிட்ட மூச்சு விடாதே." மட்டை போனால் கூண்டு போச்சு. கூண்டு போனால் இருக்கிற அந்த நாலு சொல்லும் போச்சு. பதினோரு மணியிலிருந்து பன்னிரண்டரை வரை, ஐந்தாம் எண் மைதானம். அவளுக்கு மிச்சமிருந்தது அவ்வளவுதான்.

மூவரும் வாடகை சைக்கிளில் 'போ' என்ற நதியின் கரையோரம் போனார்கள். எலோய் முன்னால், ஃபெர்மின் பின்னால், அவள் நடுவில். மன்றத்து வாசலில் இறங்கி நிமிர்ந்தவள் சைக்கிளைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். ஊருக்குப் பின்னால் வானத்தை அடைத்துக்கொண்டு மலைகள். உச்சியெல்லாம் புதுப் பனி. அவ்வளவு பெரிய பொருள் சத்தமில்லாமல் அங்கே நிற்பது அவளுக்குப் பயமாகவும் இருந்தது, கும்பிட வேண்டும் போலவும் இருந்தது. "யம்மாடி!" என்றாள். அண்ணனும் தம்பியும் ஒரே நேரத்தில் தலை தூக்கி, ஒரே மாதிரி இடுப்பில் கை வைத்து நின்றார்கள்.

எதிர் ஜோடியில் வாயாடியின் பெயர் ஒத்தாவியோ. டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவன், முன்னால் தொந்தி. கூட்டாளி லீவியோ ஒட்டடைக்குச்சி, வாயே திறக்கவில்லை. "இது கடைசி மைதானம். பக்கத்துல காலி இடம் நிறைய இருக்கு" என்றான் ஒத்தாவியோ. "இங்க கதவு எப்பவும் திறந்தேதான் கிடக்கும். பந்து எகிறி வெளிய போனா விட்டுடாதீங்க, நீங்களும் வெளிய ஓடி அடிக்கலாம். மறுபடி தரையில விழாம இருந்தாச் சரி."

துதேலாவில் மைதானங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அங்கே வெளியே போன பந்து போனதுதான். "என் வயசுக்கு வெளிய வேற ஓடணுமா? ஆம்புலன்ஸ் நம்பரைச் சொல்லுங்க" என்று எலோய் சிரித்தான். அவன் கால் கூண்டின் வாசல் கோட்டைத் தாண்டி உள்ளே வந்திருந்தது. அதனால் ஃபெர்மினும் பதில் சொன்னான். "நீ நடந்தாப் போதும், நான் பாத்துக்கிறேன்."

ஆட்டம் தொடங்கியது. அமாயா இடப்பக்கக் கம்பி வலைக்கு வெளியே, கதவருகே பெஞ்சில் உட்கார்ந்தாள். எத்தனை முறை பார்த்தாலும் அவளுக்கு அந்த வியப்பு அடங்கியதில்லை. தாண்டிப் போன பந்து பின்சுவர்க் கண்ணாடியில் மோதித் திரும்பி வருகிறது. தவறவிட்டதை இன்னொரு தரம் அடித்துக்கொள் என்று சுவரே எடுத்துக் கொடுக்கிறது. அண்ணன் நடுவலைப் பக்கம் ஏறினால் தம்பி ஏறுகிறான். அண்ணன் இடப்பக்கம் நகர்ந்தால் தம்பி திரும்பிப் பார்க்காமலே அந்த அளவு நகர்கிறான். இடுப்பில் ஒரே கயிற்றைக் கட்டிக்கொண்டவர்கள் மாதிரி! சர்க்கரை கேட்க வாய் வராத இந்த இரண்டு கழுதைகளா இவர்கள்?

இரண்டாவது செட்டின் நடுவில் அவள் ஒன்றைக் கவனித்தாள். உயரமாக வந்த ஒவ்வொரு பந்துக்கும் "எனக்கு!" என்று ஃபெர்மின்தான் பாய்ந்தான். எலோயின் தலைக்கு நேர் மேலே வந்ததைக்கூட விடவில்லை. மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடி, நாக்குத் தள்ள அடித்தான். எலோய் கையைத் தோளுக்கு மேல் தூக்க ஒரு தடவைகூட அவன் இடம் கொடுக்கவில்லை. யாரும் அவனிடம் மூச்சு விடவில்லை. அவனுக்குத் தெரிந்திருந்தது! பேசாத பதினேழு மாதத்தில் அண்ணனின் தோள் நோவதை அவன் பந்து பந்தாகப் பார்த்து வைத்திருக்கிறான்.

ஆளுக்கு ஒரு செட். மூன்றாவதும் சமமாகவே போயிற்று. அடுத்து ஆட வேண்டிய நால்வர் பைகளோடு வந்து மரத்தடியில் நின்றார்கள். மணி பன்னிரண்டு இருபத்தேழு. லாரி நேரம் குறித்தே பழகிய கண் கடிகாரத்துக்கும் மைதானத்துக்குமாகத் தாவியது. முடிந்தால் கதவு, கதவைத் தாண்டினால் பூட்டு. 'முடிஞ்சிடாதே, முடிஞ்சிடாதே' என்று அவள் யாரிடமோ வேண்டிக்கொண்டாள்.

"கடைசிப் புள்ளி!" என்று ஒத்தாவியோ கத்தினான். "ஜெயிக்கிறவங்களுக்குத் தோக்கறவங்க ஆளுக்கு ஒரு கிளாஸ் வெர்மூத் வாங்கித் தரணும்!"

பந்து இருபது தடவையாவது போய் வந்திருக்கும். கடைசியில் ஒத்தாவியோ தொந்தியோடு எகிறி, பலம் கொண்ட மட்டும் ஓங்கி அறைந்தான். பந்து எலோயின் காலடியில் குத்தி, மேலே மேலே எழும்பி, கம்பி வலையைத் தாண்டி, அமாயாவின் தலைக்கு மேலே வெளியே பறந்தது. ஒத்தாவியோ மட்டையைத் தூக்கிக்கொண்டு கூட்டாளியைக் கட்டிப்பிடிக்கத் திரும்பிவிட்டான்.

எலோய் கதவை நோக்கி ஓடினான்.

அமாயா அதை நம்பவில்லை. ஐம்பத்தாறு வயசு, பழுதான தோள், சைக்கிளிலிருந்து இறங்கவே முனகுகிற ஆள். கதவைத் தாண்டிவிட்டான். வெளியே வந்துவிட்டான். பந்து மலைகளின் வெள்ளைக்கு முன்னால் ஒரு மஞ்சள் புள்ளியாக நின்று, இறங்க ஆரம்பித்தது. உள்ளேயிருந்து கம்பி வலையில் இரண்டு கையையும் கோத்துக்கொண்டு ஃபெர்மின் அலறினான். அப்படி ஒரு குரலை அவள் அவனிடம் கேட்டதே இல்லை.

"ஓடுண்ணே! ஓடு! நேரம் இருக்கு! எட்டிடுவேண்ணே, எட்டிடுவே!"

எலோய் பெஞ்சைத் தாண்டி ஓடினான், அவன் வியர்வை அமாயாவின் கன்னத்தில் தெறித்தது. புல்லுக்கு ஒரு சாண் உயரத்தில் பந்தை மட்டையில் வாங்கினான். தோளைத் தூக்கவில்லை, மண்வெட்டியால் மண்ணை அள்ளி வீசுகிற மாதிரி கீழேயிருந்து வாரி எறிந்தான். பந்து அவள் தலைக்கு மேலேயே திரும்பிப் போயிற்று. வலையைத் தாண்டி, கட்டிப்பிடித்து நின்ற இரண்டு இத்தாலியர்களுக்கும் பின்னால், காலி மூலையில் மெத்தென்று விழுந்தது. இரண்டாம் முறை குதித்தது. உருண்டது.

மரத்தடியில் நின்றவர்கள் 'ஓ'வென்று கூவினார்கள். ஒத்தாவியோ தலையில் கை வைத்துக்கொண்டு, "கடவுளே, கடவுளே!" என்றான். அமாயா எழுந்து நின்றிருந்தாள், எப்போது எழுந்தாள் என்று அவளுக்குத் தெரியாது.

எலோய் புல்லில் குனிந்து, முழங்காலில் கை ஊன்றி மூச்சு வாங்கினான். அப்புறம் நிமிர்ந்தான். ஃபெர்மின் இன்னும் வலையை விடவில்லை. சிரித்துக்கொண்டிருந்தவன், அண்ணன் நிற்கும் இடத்தைப் பார்த்தான். கதவைப் பார்த்தான். சிரிப்பு அப்படியே உறைந்தது. அண்ணன் வெளியே இருக்கிறான். இனி பேச்சு இல்லை.

கூச்சல் ஓய்ந்தது. எலோய் வலையருகே நடந்து வந்தான். வாய் கோணியது. உதட்டைக் கடித்து அடக்கப் பார்த்தான், முடியவில்லை.

"ஏண்டா" என்றான். "அன்னைக்கும் இப்படி என்னைக் கூப்பிட்டிருக்கக் கூடாதாடா?"

ஃபெர்மினின் மட்டை அவன் காலடியில் கிடந்தது. அவன் அதை எடுக்கவில்லை. வலையைப் பிடித்துக்கொண்டே, கண் தெரியாதவன் சுவரைத் தடவிப் போவது போல, ஒவ்வொரு கண்ணியாகக் கையை மாற்றி மாற்றிக் கதவுப் பக்கம் நகர்ந்தான். எலோயும் வெளியே அதே பக்கம், அதே வேகத்தில், அவனுக்கு நேராக நடந்தான்.

மணி பன்னிரண்டரை. மரத்தடி நால்வரும் பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு மைதானத்தை நோக்கி வந்தார்கள். உள்ளே நின்ற ஒத்தாவியோவுக்கு என்ன புரிந்ததோ, அவர்களைப் பார்த்து உள்ளங்கையைக் காட்டினான். டிராமை நிறுத்துகிற மாதிரி, உயர்த்திய கையை அவன் கீழே இறக்கவே இல்லை.