லேசான சீமெந்து

துணி சுற்றிய விரலை, குளிப்பாட்டக் கிடத்தியிருந்த மையித்தின் உதடுகளுக்கிடையில் கொண்டுபோன உம்முஹானி சட்டென்று கையை நிறுத்தினார்.

"இதென்ன, முன்பல்லெல்லாம் இருக்கு?"

இன்ஷிரா தண்ணீர்ச் சட்டியைக் கீழே வைத்தாள். அவளுடைய உம்மா சரீபாவுக்கு மேல்வரிசையில் முன்பற்கள் இல்லை என்பது உப்புக்குளத்தில் யாருக்குத்தான் தெரியாது? ஊரில் பாதி மையித்துகளைக் குளிப்பாட்டிய உம்முஹானிக்குத் தெரியாமல் இருக்குமா?

அன்று விடிகாலை சுபஹுத் தொழுதுவிட்டுத் தேத்தண்ணி கேட்ட உம்மா, அது வருமுன் கதிரையிலேயே சாய்ந்துவிட்டார். மத்தியானம் லுஹர் தொழுகை முடிந்ததும் அடக்கம். முற்றத்தில், மையித்தைத் தூக்கிப்போகும் சந்தூக்கை இறக்கி வைத்துவிட்டு ஆண்கள் காத்திருந்தார்கள். சீலை கட்டி மறைத்த இந்த இடத்துக்குள் உம்முஹானியும் இன்ஷிராவும் வாப்பாவின் அக்கா அஸீபா மாமியும் மட்டும்.

மாமி எட்டிப் பார்த்தார். வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்துவிட்டது.

"பொய்ப்பல்லு. எங்களுக்கும் சொல்லாமக் கட்டியிருக்கா. கழட்டுங்கோ ஹானிம்மா, இதோட அடக்க ஏலாது."

"பொறுங்கோ." உம்முஹானி இன்ஷிராவைப் பார்த்தார். "நீதானே புள்ள பல்லு டொக்டரிட்ட வேலை செய்யிற. கழட்ட ஏலுமெண்டாக் கழட்டோணும். இறுக்கி ஒட்டினதெண்டா மையித்துக்கு நோவினை குடுக்காம விட்டுரலாம். இது எது?"

இன்ஷிராவுக்குப் பதில் தெரியும். அவளையும் டொக்டர் நிவேதிகாவையும் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

உம்மாவின் பல் போனது, தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்களெல்லாம் ஊரை விட்டுத் துரத்தப்பட்ட அன்று. புத்தளம் பக்கம் போன வள்ளம் அலையில் எழும்பி விழ, குமரிப் பிள்ளையாக இருந்தவரின் வாய் விளிம்புப் பலகையில் மோதியது. பிறகு கலியாணம், பிள்ளை, திரும்பி வந்த ஊர் எல்லாமே முக்காட்டு நுனியை மூக்குவரை இழுத்து இடது காதோரம் செருகியபடிதான். சிரிப்பு வருமுன் கை முக்காட்டுக்குப் போய்விடும். மாமி அவருக்கு வைத்த பேர் ஓட்டைப்பானை. முகத்துக்கு நேரே சொல்லமாட்டார், அந்த மரியாதை உண்டு. அடுத்த அறையில் நின்று கேட்கும்படி சொல்வார்.

ஒருமுறை பல் கட்ட அச்செடுக்கப் போனார். களிம்பு நிரப்பிய தட்டை வாயில் வைத்ததும் குமட்டிக்கொண்டு வர, எழும்பி ஓடிவந்துவிட்டார். அதன்பிறகு பல் என்று வாயெடுத்தாலே உம்மாவுக்கு அடுப்படியில் அவசர வேலை வந்துவிடும்.

பல்மருத்துவ நிலையத்துக்கு ஸ்கேனர் வந்தபின்தான் இன்ஷிராவுக்கு நம்பிக்கை பிறந்தது. களிம்புமில்லை, தட்டுமில்லை. தடித்த பேனா மாதிரி ஒன்றைப் பல்லோரமாக மெல்ல நகர்த்தினால் போதும், திரையில் வாய் துண்டு துண்டாகக் கூடிவரும். அவளுக்கு அதில் கை நன்றாகப் பழகியிருந்தது. வேறு ஆட்கள் இல்லாத ஒரு பின்னேரம் உம்மாவைக் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிப்போனாள்.

கதிரையில் ஏறிய உம்மா வாயைத் திறக்கவில்லை. டொக்டரைச் சுட்டி, "அவ மட்டும் முகத்த மூடியிருக்கா, நான் மூடக் கூடாதா?" என்றார். டொக்டர் நிவேதிகா தன் முகமூடியை இன்னும் மேலே இழுத்துவிட்டு, "நான் பல்லைத்தான் பாப்பன் அம்மா, உங்களைப் பாக்கமாட்டன்" என்றார். உம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பில்தான் வாய் திறந்தது.

புதுப் பல்லைத் தாங்குவதற்காக, இடைவெளிக்கு இரு பக்கமும் இருந்த பற்களை டொக்டர் சீவி முடித்த பிறகு, இன்ஷிரா ஸ்கேனரை நகர்த்தினாள். "உம்மா, இன்னுங் கொஞ்சம் பெரிசாத் திறவுங்கோ, இந்த மூலை விடுபட்டுட்டு." முடிந்ததும் திரையை உம்மாவின் பக்கம் திருப்பினாள். சிவந்த முரசுச் சதையும் பல்லும் நடுவிலே அந்த வெற்றிடமும். உம்மா வெகுநேரம் பார்த்தார்.

"இவ்வளவுதானா? இதுக்கா இவ்வளவு காலமும் மூடிக்கொண்டு திரிஞ்சனான்?"

கொழும்பிலிருந்து பல்வரிசை செய்து வந்தது. டொக்டர் பொருத்திவிட்டு, "இப்போதைக்கு லேசான சீமெந்திலதான் ஒட்டியிருக்கிறன். கடிச்சுப் பழகட்டும். சரிவந்தா இறுக்கி ஒட்டுவம்" என்றார். உம்மா அதை யாருக்கும் காட்டவில்லை, வாப்பாவுக்கும்கூட. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முக்காட்டைத் தாடைக்குக் கீழே விட்டுக்கொண்டு மாமி வீட்டுக்குப் போய்ச் சிரிக்க வேண்டும் என்று திட்டம். கண்ணாடி முன் நின்று மகளின் கையைப் பிடித்துச் சொன்னார்: "இனி மவுத்தாகிக் கிடந்தாலும் ஓட்டை வாயோட என்னை ஒருத்தரும் பாக்கக் கூடாது. சத்தியம் பண்ணு." இன்ஷிரா சிரித்துக்கொண்டே கையில் அடித்துச் சத்தியம் பண்ணினாள். பெருநாள் இன்னும் வரவில்லை.

"என்ன புள்ள யோசிக்கிற?" என்றார் உம்முஹானி.

"ஏலாது ஹானிம்மா. இறுக்கி ஒட்டினது."

"வடிவாத் தெரியுமா?" என்றார் மாமி.

"தெரியும் மாமி."

பொய் இவ்வளவு சுலபமாக வந்தது அவளுக்கே பயமாக இருந்தது. அதுவும் உம்மாவின் மையித்துக்கு முன்னால். இந்தக் குளிப்பில் ஏதும் குறை வந்தால் அது யார் கணக்கில் போகும்?

உம்முஹானி பிஸ்மி சொல்லி, துணி விரலால் பற்களைத் துடைத்தார். ஒரு பக்கம். மறுபக்கம். விரல் திரும்பும்போது 'டிக்' என்று சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. பல்வரிசையின் ஒரு முனை கீழே இறங்கி நின்றது.

மாமி கால்மாட்டில் குனிந்து துணியை ஒதுக்கிக்கொண்டிருந்தார். உம்முஹானி மேலுதட்டை மெதுவாக மூடினார். இன்ஷிராவின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

"அஸீபா, கற்பூரத் தண்ணி காணாது. குசினியில கொஞ்சம் கலந்துகொண்டு வாங்கோ."

மாமி போனார். வெளியே யாரோ, "இன்னும் முடியல்லையா?" என்று கேட்டது காதில் விழுந்தது.

"நீ கழட்டுறியா, நான் கழட்டட்டா?" என்றார் உம்முஹானி.

அதட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இன்ஷிராவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "உம்மாவுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்தனான் ஹானிம்மா. ஓட்டை வாயோட ஒருத்தரும் பாக்கமாட்டினம் எண்டு."

உம்முஹானி மறைப்புச் சீலையின் விலகிய ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார்.

"அப்ப ஒருத்தரும் பாக்காமச் செய்வம். கழட்டு."

கட்டைவிரலும் சுட்டுவிரலுமாகப் பிடித்து, வலிக்கும் ஆளுக்குச் செய்வதுபோல் மெல்ல அசைத்தாள். இழுக்கவே தேவைப்படவில்லை, கையோடு வந்துவிட்டது. அதைத் தாவணி முனையில் முடிந்துகொண்டு, இடது கையால் உம்மாவின் வாயை மூடினாள். உம்மா மூடுகிற அதே மாதிரி, நான்கு விரலும் சேர்த்து.

மாமி தண்ணீரோடு வந்தார். "ஏன்டி கையை வச்சுக்கொண்டு நிக்கிற?"

"நான்தான் வைக்கச் சொன்னன்," என்றார் உம்முஹானி. "ஊத்துங்கோ."

கற்பூரத் தண்ணீர் விரல்களுக்கிடையால் வழிந்தது. குளிப்பு முடியும்வரை இன்ஷிரா கையை எடுக்கவில்லை. தோள் மரத்துப்போனது.

கபன் துணி சுற்றி, கடைசிப் பார்வைக்கு முகத்தை மட்டும் திறந்து விட்டபோது, தலைத்துணியின் முனையை மூக்குக்குக் கீழே இழுத்துவிட்டாள். பெண்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்துப் போனார்கள். மாமிக்குப் பொறுக்கவில்லை.

"முகத்த முழுசாக் காட்டுங்கோவன். கடைசியாப் பாக்கிறதில்லையா?"

"இப்பிடித்தானே அவ இருந்தவ," என்றார் உம்முஹானி. மாமி தன் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நகர்ந்தார்.

கடைசியாக வாப்பா வந்தார். உம்மாவின் பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்து முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கை நீட்டித் துணியின் முனையைப் பிடித்தார். புருஷன் திறந்து பார்த்தால் யார் தடுப்பது?

வாப்பா துணியைக் கீழே இழுக்கவில்லை. இன்னும் ஒரு விரலளவு மேலே ஏற்றி, இடது காதுப் பக்கமாகச் செருகினார். செருகியது சரிதானா என்று கொஞ்சம் தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு எழும்பி, சந்தூக்கைக் கொண்டுவரச் சொன்னார்.