முயல் கோப்பையின் அடியில்

விருந்துக்குப் போன இடத்திலும் கோப்பையைக் கவிழ்த்து அடிப்பக்கம் பார்க்கும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. ஒருமுறை உள்ளே டீ இருப்பதை மறந்து சம்பந்தியம்மாள் மடியில் கொட்டிவிட்டேன். என்ன செய்வது, ஏலக்கடையில் முப்பது வருஷமாக இதுதான் என் பிழைப்பு. பழைய இங்கிலீஷ் பீங்கானின் அடியில் உள்ள முத்திரையைப் பார்த்து வயது சொல்ல வேண்டும். 'முந்நூறு வருஷப் பொக்கிஷம்' என்று தட்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அடியில் 'மேட் இன் இங்கிலாந்து' என்றிருக்கும். கூடிப்போனால் நூறு வருஷத்துச் சரக்கு. அவர்கள் முகம் தொங்கிப்போகும். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் குஷிதான்.

ஆனால் எங்கள் வீட்டுக் கோப்பை ஒன்றை மட்டும் நான் தொட்டதே இல்லை. முயல் படம் போட்ட, குழந்தைகள் பால் குடிக்கும் கோப்பை. அம்மா சின்ன வயதில் குடித்தது என்று சொல்லி அப்பா அதைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருந்தார். அம்மா என்னைப் பெற்ற அன்றே போய்விட்டாளாம். "பொறக்கும்போதே அம்மாவை முழுங்கினவ" என்று உறவில் சொல்லிச் சொல்லி, அதுவே என் பெயர் மாதிரி ஆகிவிட்டது. மத்தியானங்களில், ஆளில்லாத அந்த அறையில், கோப்பை 'ணங்' என்று ஒரு சத்தம் போடும். தன்னைக் கொன்றவளைப் பார்க்க அம்மா வந்திருக்கிறாள் என்று எனக்குக் குலை நடுங்கும். சூட்டில் மெருகு விரிசல் விடும் சத்தம்தான் அது என்று தொழிலில் தெரிந்துகொண்ட பிறகும், அறுபது தாண்டியும், அந்தப் பயம் போகவில்லை.

போன மாதம் அப்பா காலமானார். அலமாரிச் சாவி என் கைக்கு வந்தது. என்னை வளர்த்த அத்தை கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கோப்பையை எடுத்தேன், பழக்கதோஷம், கை தானாகக் கவிழ்த்தது.

அச்சு முத்திரையை முழுக்க நம்ப முடியாது. ஒரே முத்திரையை இருபது வருஷம் ஓட்டுவார்கள். ஆனால் அதன் பக்கத்தில், மெருகுக்கு அடியில், பொடியாக இரண்டு எண்கள் குழிந்திருந்தன. மண் ஈரமாக இருக்கும்போதே குத்துகிற மாதமும் வருஷமும். பிறகு யாரும் மாற்ற முடியாது. மூன்று, அறுபத்துநான்கு.

நான் பிறந்தது அறுபத்தொன்றில். முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன்.

"அத்தை, இந்தக் கப்பு நான் பொறந்து மூணு வருஷம் கழிச்சுச் செஞ்சது. அம்மா எப்படி இதுல பால் குடிச்சிருப்பாங்க?"

"உனக்கு எதுக்குடி இந்தப் பாழாப்போன வேலை?" என்றாள் அத்தை. பிறகு அழ ஆரம்பித்தாள்.

"பிரசவத்துக்கப்புறம் அவளுக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சு. உங்கப்பா ஆஸ்பத்திரியில விட்டுட்டுத் திரும்பிப் பாக்கல. அவ செத்துட்டான்னு எல்லார்கிட்டயும் சொல்லி வீடு மாத்திட்டு வந்துட்டோம். அவ தெளிஞ்சு, விசாரிச்சு, ஒருநாள் வந்து நின்னா. கையில இந்தக் கப்பு. 'பாப்பா எங்க'ன்னு கேட்டா. நீ உள்ள தூங்கிட்டிருந்தே."

"அப்பா என்ன சொன்னார்?"

"பொறந்த வாரமே பாப்பா செத்துப்போச்சுன்னார். அவ கப்பை வாசப்படியில வச்சுட்டுப் போயிட்டா. அதைத் தூக்கிப்போட உங்கப்பாவுக்குக் கை வரல."

அப்பாவை எழுப்பி உலுக்க வேண்டும் போல ஆத்திரம் வந்தது. கொன்றுவிட்டேன் என்று நான் இங்கே செத்துச் செத்துப் பிழைக்க, பிள்ளையைப் பறிகொடுத்ததாக அவள் எங்கேயோ அழுதிருக்கிறாள்.

"அம்மா நெஜமா எப்ப செத்தாங்க, அத்தை?"

அத்தை என் முகத்தைப் பார்க்கவில்லை.

"போன வருஷம்."