புஷ்பம் டீச்சர் போட்ட எட்டு

பதினெட்டு முடிந்த கையோடு ஜெரூஷா வண்டி பழக எல்.எல்.ஆர். வாங்கிவிட்டாள். ஸ்கூட்டியின் முன்னும் பின்னும் சிவப்பில் 'எல்' ஒட்டியாயிற்று. அம்மா புஷ்பம் கெடு வைத்ததும் அன்றுதான்.

"காலேஜ் திறக்கறதுக்குள்ள டெஸ்ட்ல பாஸ் பண்ணு, வீட்லேர்ந்தே வண்டியில போய்ட்டு வா. இல்லன்னா பொத்தேரியில காலேஜ் ஹாஸ்டல்தான். பெட் சொல்லி வச்சாச்சு."

மாடம்பாக்கத்திலிருந்து பஸ்ஸும் ரயிலும் மாறி எட்டு மணி வகுப்புக்குத் தினமும் போய்ச் சேர முடியாது என்பது இருவருக்குமே தெரியும். வண்டியில் போவதென்றால் ஜி.எஸ்.டி. ரோடு; அதில் ஓடும் லாரிகளை நினைத்தாலே புஷ்பத்துக்குப் பயம். ஜெரூஷாவின் கலக்கம் வேறு. அப்பா ஜெபராஜ் மஸ்கட்டில். அவளும் போய்விட்டால் அம்மா தனியாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. சொன்னால், "எனக்கென்னடி, நான் இருந்துப்பேன்" என்பாள் அம்மா. அதனால் சொல்லவில்லை.

டெஸ்ட் என்றால் எட்டு. காலைத் தரையில் ஊன்றாமல் கோட்டின்மேல் எட்டுப் போட வேண்டும். புஷ்பமோ கணக்கு டீச்சர், சும்மா இருப்பாளா? தெருக்கோடிக் காலி மனையில் முளை அடித்து, கயிறு கட்டி, கோலமாவால் இரண்டு வட்டம் இழுத்தாள். இரண்டும் ஒரே ஒரு புள்ளியில் தொட்டுக்கொண்டன. கணக்குப் புத்தகத்தில்கூட அவ்வளவு சுத்தமாக இருக்காது. அந்தப் புள்ளியில் ஹேண்டிலை வெடுக்கென்று மறுபக்கம் திருப்ப வேண்டும். முப்பது நாள் விழுந்து எழுந்து, முட்டியைத் தேய்த்துக்கொண்டு, ஜெரூஷா அதைப் பழகியே விட்டாள்.

ஆர்.டி.ஓ. மைதானத்து எட்டு வேறு மாதிரி இருந்தது. இரண்டு வளைவுக்கும் நடுவில் கோடுகள் குறுக்கே வெட்டிக்கொண்டு போயின. கொஞ்ச தூரம் நேராகப் போய்த்தான் திரும்ப வேண்டும். கண்ணுக்குப் புரிந்தது, கைக்குப் புரியவில்லை. பழகிய இடத்தில் கை திரும்பியது, வண்டி கோட்டை விட்டு ஓடியது, கால் தரைக்கு வந்துவிட்டது.

"ஃபெயில்மா. ஏழு நாள் கழிச்சு வா" என்றார் பிரேக் இன்ஸ்பெக்டர்.

ஏழு நாள் கழித்து வெள்ளிக்கிழமை. திங்கள்கிழமை காலேஜ்.

வீட்டுக்கு வந்ததும் வெடித்தாள். "வேணும்னேதானம்மா தப்பா போட்ட? நான் ஃபெயிலாகணும், ஹாஸ்டலுக்குப் போகணும், அதானே?"

புஷ்பம் குக்கரை இறக்கி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஜெரூஷா அதோடு விடுகிற ஆளில்லை. மைதானத்தை விட்டுக் கிளம்புமுன் அந்த எட்டைக் காலடியால் அளந்துகொண்டுதான் வந்திருந்தாள். மறுநாள் விடிந்ததும் துடைப்பத்தோடு போய்ப் பழைய எட்டைப் பெருக்கித் தள்ளினாள். நிமிர்ந்தால், கோலமாவு டப்பாவோடு அம்மா நின்றிருந்தாள்.

"கயித்தைப் பிடி. இன்னும் நாலடி தள்ளிப் போ" என்றாள் மகள். அவள் சொன்னபடி டீச்சர் செய்தாள்.

பழகியதை மறப்பது, பழகுவதைவிடப் பெரிய பாடு. முதல் நாள் கை பழைய இடத்திலேயே திரும்பித் தொலைத்தது. இரண்டாம் நாளும் அப்படித்தான். "நேரா, நேரா, இப்போ" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே சுற்றினாள். காலையில் ஐம்பது எட்டு, சாயங்காலம் ஐம்பது. கிரிக்கெட் ஆட வந்த பொடியன்கள் அவள் வண்டியைக் கண்டதும் ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு ஓரமாகப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை மைதானத்தில் நேராகப் போனாள், திரும்பினாள், மறுபடி நேராகப் போனாள். கால் தரையைத் தொடவில்லை. இன்ஸ்பெக்டர் தலைநிமிராமல் "பாஸ்" என்றார். ஜெரூஷாவுக்கு அழுகையே வந்துவிட்டது. புஷ்பம் அங்கேயே ஹாஸ்டலுக்குப் போன் போட்டு, பெட் வேண்டாம் என்று சொன்னாள்.

ஆனால் லைசென்ஸ் கார்டு தபாலில் வரும்வரை சாவியைக் கொடுக்கவில்லை; அந்தச் சில நாள் ஜெரூஷா பஸ்ஸும் ரயிலும் மாறி, முதல் வகுப்புக்குப் பிந்தியே போனாள். கார்டு வந்த அன்று புஷ்பம் தானே உட்கார்ந்து 'எல்' ஸ்டிக்கர் இரண்டையும் நகத்தால் சுரண்டி எடுத்தாள். அப்புறம் சாவியை மகளிடம் கொடுத்துவிட்டுப் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

"அன்னிக்குக் கேட்டியே" என்றாள். "சத்தியமா தெரியாமத்தான் போட்டேன். ஆனா நீ காலை ஊனினப்போ, அப்பாடான்னு இருந்துச்சு."

ஜெரூஷா கண்ணாடியில் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கோபம் வரும் என்று நினைத்தாள், வரவில்லை.

"இப்போ எப்படிம்மா இருக்கு?"

"பயமாத்தான் இருக்கு" என்று மகளின் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள் புஷ்பம். "ஜி.எஸ்.டி. ரோட்டுக்கே போ."