ரேணுகாதேவியின் குலவை

ஆயுத பூஜைக்கு அரிவாளுக்குச் சந்தனம் வைக்கலாம், தையல் மிஷினுக்கு வைக்கலாம், ஒன்றும் ஆகாது. ஃபிளாப்பிக்கு வைக்கக்கூடாது என்று வெள்ளத்துரைக்கு யார் சொல்வார்கள்? மல்லாங்கிணற்றில் சாம்ப்ளர் வைத்திருந்த ஒரே ஆள் அவர்தான்.

எந்தச் சத்தத்தைக் கொடுத்தாலும் வாங்கி வைத்துக்கொண்டு, கட்டையை அழுத்தினால் திருப்பிக் கொடுக்கிற பழைய பெட்டி அது. வீட்டுப் பின்னறையில் அதை வைத்துத்தான் சாமி பாட்டுகளுக்கு இசை போட்டார். உறுமி ஒரு ஃபிளாப்பியில், பம்பை ஒன்றில், மனைவி ரேணுகாதேவியின் குலவை ஒன்றில்.

அந்தக் குலவை இன்று வேறெங்கும் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் தொண்டையில் கட்டி எடுத்ததோடு அவள் குரலும் போய்விட்டது; வாயைத் திறந்தால் காற்றுதான் வரும். பங்குனிப் பொங்கலில் பானை பொங்கியதும் முதல் குலவை போட்டவள், அதன்பிறகு கோயில் பக்கமே போகவில்லை. "இந்த வருசம் மைக்செட்டுல ஒங்குலவதான். நீ வந்து நில்லு, போதும்" என்று வெள்ளத்துரை வாக்குக் கொடுத்திருந்தார்.

ஃபிளாப்பி டிரைவ் இழுத்துக்கொண்டு கிடந்தது. அதைக் கழற்றிவிட்டுப் பென்டிரைவ் சொருகும் பெட்டியை மாட்டப் போகிறார். அதற்கு முன் ஃபிளாப்பிகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். உறுமி ஏறியது. பம்பையும் ஏறியது. குலவை மட்டும் கர்கர் என்று அரைத்துவிட்டு நின்றது. தகர மூடியை ஒதுக்கிப் பார்த்தார். உள்ளே காய்ந்த சந்தனத் தூள். கறுப்புத் தட்டில் வட்டமாகக் கீறல். மற்றதற்கெல்லாம் ஒரு பொட்டோடு நிறுத்திய மகராசி, இதற்கு மட்டும் வருஷா வருஷம் அள்ளிப் பூசியிருந்தாள். இவரும் பக்கத்தில் நின்று பூரித்துக்கொண்டிருந்தார்.

போடப்போட கீறல் கூடும் என்று தெரிந்தும் கை நிற்கவில்லை. பதினோரு தடவை போட்டார்.

"வந்துருச்சாங்க?" ரேணுகாதேவி வாசலில் நின்று காற்றாகக் கேட்டாள்.

"வந்துருச்சு." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

பம்பை ஃபிளாப்பியில், இவள் குலவையைப் பதிந்த அதே நாளில் அவள் அக்கா அனுசியா போட்ட குலவையும் இருந்தது. அதைத் தட்டி ஒலிக்கவிட்டார். 'இது நானில்லை' என்று அவளே சொல்லிவிட்டால் உண்மையைக் கொட்டிவிடலாம் என்றுகூட ஏங்கினார்.

அவள் தொண்டையில் கை வைத்தபடி கேட்டாள். கண் நிறைந்துவிட்டது. "நாந்தான். இன்னொரு தடவ போடுங்க."

போட்டார். பொங்கலுக்கு அனுசியாவும் வருவாள். அவளுக்குத் தன் குரல் தெரியாமலா போகும்?

ரேணுகாதேவி உள்ளே போய்ச் சந்தனக் கிண்ணத்தோடு திரும்பினாள். புதுப் பெட்டிக்குத்தான் என்று அவர் பதறினார். அவளோ மேஜையில் கிடந்த பழைய ஃபிளாப்பியை எடுத்து, தகர மூடி மேலேயே தாராளமாகப் பூசினாள்.

"பாவம், இம்புட்டு வருசம் பத்திரமா வச்சிருந்து குடுத்துருக்கு."